குழந்தை தூங்கட்டும்!

நண்பகல் வேளை. உத்தரத்தில் சேலைத் தொட்டில் ஆடுகிறது. அரைமணி நேரம் பாடிப் பாடி, இப்போதுதான் தாய் குழந்தையைத் தூங்க வைத்திருக்கிறாள். கையில் இருந்த கயிற்றை மெதுவாக விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போகிறாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்கிறது.

"அக்கா! பிள்ளை எங்கே? ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்."

வந்தவள் தொட்டிலை விலக்கிப் பார்க்கிறாள். ஆசை தாளவில்லை. கன்னத்தைக் கிள்ளுகிறாள். குழந்தை விழித்துக்கொண்டு அலறுகிறது. வந்தவள் போய்விடுகிறாள். குழந்தையின் தூக்கமும் போய்விடுகிறது.

அன்று மாலை முழுவதும் அந்தக் குழந்தை சிணுங்குகிறது. பாலைத் தள்ளுகிறது. பருப்புச் சோற்றைத் துப்புகிறது. இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து அழுகிறது. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

மறுநாள் மாமியார் சொல்கிறாள்: "பகலில் தூங்கினால் ராத்திரி எப்படியம்மா தூங்கும்? இன்றைக்குப் பகலில் தூங்க விடாதே!"

மருமகளும் அப்படியே செய்கிறாள். அன்று இரவு தொல்லை இன்னும் அதிகம் ஆகிறது!

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஒரு பழமொழி உண்டு. நம் வீடுகளில் பல நேரங்களில் நடப்பது இதுதான். குழந்தையின் பகல் தூக்கத்தைக் கெடுப்பதும் நாம்தான். பிறகு, "ஏன் அழுகிறது?" என்று கேட்பதும் நாம்தான்.

சோம்பல் அல்ல

பெரியவர்கள் பகலில் தூங்கினால் அதைச் சோம்பல் என்கிறோம். அந்தக் கணக்கைக் குழந்தையிடம் காட்டக் கூடாது.

பெரியவர்களின் உடல் வளர்ந்து முடிந்த உடல். குழந்தையின் உடல் வளர்ந்துகொண்டிருக்கும் உடல். ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சிக்கான சுரப்பு நீர் உடலில் அதிகமாக ஊறுகிறது. பாலும் சோறும் செங்கல், மணல் என்றால், தூக்கம்தான் கட்டடம் கட்டும் கொத்தனார். கொத்தனார் வராத வீட்டில் செங்கலைக் குவித்து என்ன பயன்?

பிறந்த குழந்தைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. அதன் வயிறு சிறியது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். விழிக்கும், குடிக்கும், மறுபடி தூங்கும். இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகே இரவில் நீண்ட நேரம் தூங்கும் பழக்கம் மெல்ல மெல்ல வருகிறது. அதுவரை "இந்தப் பிள்ளை ராத்திரியில் கொட்டக் கொட்ட விழிக்கிறதே!" என்று கவலைப்பட வேண்டாம். பகலில் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும், இரவில் இருட்டும் அமைதியும் இருந்தால், அது தானே கற்றுக்கொள்ளும்.

தூக்கத்தில் குழந்தை சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். "சாமி பூக் காட்டுகிறது" என்று பாட்டிமார் சொல்வார்கள். டாக்டர்கள் சொல்லும் காரணம் வேறு. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, அரைத் தூக்கம். அப்போது இமை துடிக்கும். உதடு அசையும். கை, கால் உதறும். சிறிய முனகலும் கேட்கும். குழந்தை விழித்துவிட்டது என்று நினைத்து உடனே தூக்கிவிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், பல தடவை தானே மறுபடி தூங்கிவிடும்.

தூக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்

குழந்தை தூங்கும்போது அதன் மூளை சும்மா இருப்பதில்லை. விழித்திருந்தபோது பார்த்ததையும் கேட்டதையும் அது அடுக்கி வைக்கிறது.

இதை ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு மாதக் குழந்தைகளுக்கும் ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரு பொம்மையைக் காட்டினார்கள். பொம்மையின் கையில் ஓர் உறை மாட்டியிருந்தது. அந்த உறையைக் கழற்றி ஆட்டினால் உள்ளே மணி ஒலிக்கும். குழந்தைகள் பார்க்கும்படி இதைச் செய்து காட்டினார்கள். பிறகு சில குழந்தைகள் நாலு மணி நேரத்துக்குள் அரைமணி நேரமாவது தூங்கின. சில குழந்தைகள் தூங்கவில்லை. மறுபடி அதே பொம்மையைக் கொடுத்தபோது, தூங்கிய குழந்தைகளுக்கு அந்த விளையாட்டு நினைவில் இருந்தது. தூங்காத குழந்தைகளுக்கு நினைவில் இல்லை! இந்த ஆராய்ச்சி 2015-ம் ஆண்டில் வெளிவந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2013-ல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. அங்கே இருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நினைவு வைக்கும் விளையாட்டு. மத்தியானம் தூங்கிய நாளில் பிள்ளைகள் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். வழக்கமாக மத்தியானம் தூங்கும் பிள்ளையைத் தூங்க விடாத நாளில், அது பலவற்றை மறந்தது. அப்படி மறந்ததை அன்று இரவுத் தூக்கமும் மீட்டுத் தரவில்லை.

"படிக்க வேண்டிய பிள்ளை தூங்குகிறதே" என்று வருந்தும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வயதில், மத்தியானத் தூக்கமும் படிப்பில் ஒரு பகுதிதான்.

எத்தனை மணி நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. இரவும் பகலும் சேர்த்து ஒரு நாளைக்கு:

மூன்று மாதம் வரை — 14 முதல் 17 மணி நேரம்.

நாலு மாதம் முதல் பதினொரு மாதம் வரை — 12 முதல் 16 மணி நேரம்.

ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு — 11 முதல் 14 மணி நேரம்.

மூன்று வயது, நாலு வயதுக் குழந்தைகளுக்கு — 10 முதல் 13 மணி நேரம்.

இவ்வளவு நேரத்தையும் இரவு மட்டுமே தர முடியாது. மீதியைப் பகல் தர வேண்டும்.

ஆறு மாதம் வரை பகலில் மூன்று, நாலு தடவை தூங்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று இரண்டாகக் குறையும். ஒன்றரை வயதுக்குள் காலைத் தூக்கம் நின்று, மத்தியானத் தூக்கம் மட்டும் மிஞ்சும். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் அதுவும் நின்றுவிடும்.

இது பொதுவான கணக்கு. எல்லாக் குழந்தையும் ஒரே அச்சில் வார்த்தது அல்ல. அடுத்த வீட்டுக் குழந்தை இரண்டு மணி நேரம் தூங்குகிறது, நம் குழந்தை ஒரு மணி நேரம்தான் தூங்குகிறது என்று வருந்த வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் சிரித்து விளையாடி, நன்றாகச் சாப்பிட்டு, எடையும் ஏறினால் போதும். எந்நேரமும் சோர்ந்து தூங்கினாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழாவிட்டாலோ, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாட்டி சொன்னதில் பாதி

"பகலில் தூங்கினால் இரவில் தூங்காது" என்று பாட்டி சொன்னது முழுப் பொய்யா? இல்லை. அதில் பாதி உண்மை உண்டு.

கைக்குழந்தைக்கு அது பொருந்தாது. பகலில் தூங்காத கைக்குழந்தை களைத்துப் போகிறது. களைப்பு அதிகமானால் தூக்கம் வருவதில்லை, அழுகைதான் வருகிறது. உழைத்து ஓய்ந்த மனிதன் படுக்கையில் புரள்வதில்லையா? அதே கதைதான்.

ஆனால் இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை சாயங்காலம் ஐந்து மணி வரை தூங்கினால், இரவு பத்து மணிக்கும் கொட்டம் அடிக்கும். இந்த வயதில் பாட்டி சொல்வது சரி. அதற்காகப் பகல் தூக்கத்தையே ஒழிக்க வேண்டியதில்லை. நேரத்தை முன்னால் தள்ளினால் போதும். மத்தியானம் சாப்பிட்ட உடனே படுக்க வைத்து, மூன்று, மூன்றரை மணிக்குள் எழுப்பிவிடலாம்.

தூக்கம் வருவதைக் குழந்தை வாயால் சொல்லாது. முகத்தால் சொல்லும். கண்ணைக் கசக்கும். காதை இழுக்கும். விரல் சூப்பும். கொட்டாவி விடும். விளையாட்டுச் சாமானைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதுதான் படுக்க வைக்கும் நேரம். அதை விட்டுவிட்டால், குழந்தை முன்னிலும் அதிகமாக ஆட்டம் போடும். "இதற்குத் தூக்கமே வரவில்லை" என்று பெரியவர்கள் ஏமாந்து போவார்கள். அது உற்சாகம் அல்ல; களைப்பின் உச்சி.

நாலு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லையா? அடித்துத் தூங்க வைக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அமைதியாகப் படுத்திருக்கட்டும். படப் புத்தகம் பார்க்கட்டும். அதுவும் ஓய்வுதான். ஆனால் தூங்க வைப்பதற்காகச் செல்போனைக் கையில் கொடுக்கக் கூடாது. அது தூக்கத்தை அழைக்காது, விரட்டும். இரண்டு வயது ஆகும் வரை குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

தொட்டிலில் கவனம்

தமிழன் தொட்டிலுக்குக் கொடுத்த மதிப்பு பெரிது. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் அது தாலாட்டு. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம்; அதில் மூன்றாவது தாலப் பருவம். கடவுளையும் மன்னனையும் தொட்டிலில் போட்டு ஆட்டிய இலக்கியம் அது!

அந்தத் தொட்டிலில் ஆபத்தும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

துணித் தொட்டிலில் குழந்தையின் உடல் வில்லாக வளைகிறது. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தாடை நெஞ்சில் இடித்து, மூச்சு முட்டலாம். துணியின் இரு பக்கமும் சேர்ந்து முகத்தை மூடலாம். ஆகையால் சிறு குழந்தைக்குச் சமமான, அழுத்தமான படுக்கையே நல்லது. தொட்டில்தான் வேண்டும் என்றால், துணி விரிந்து நிற்க நடுவே குறுக்குக் கம்பு கொடுக்க வேண்டும். தொட்டில் தரைக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். கீழே மெத்தென்று ஏதாவது விரிக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் கண் அதன்மேலேயே இருக்க வேண்டும். குழந்தை தூங்கிய பிறகு பாயில் மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

சேலைத் தொட்டிலில் ஊஞ்சல் ஆடிய சிறுவர், சிறுமியர் கழுத்து இறுகி இறந்த செய்தி எத்தனை தடவை வந்திருக்கிறது! கைக்குழந்தையை எடுத்ததும் சேலையை அவிழ்த்துவிட வேண்டும். அல்லது எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை. ஓர் உயிரைக் காப்பாற்றும் வேலை.

ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது மேல்நாடுகளில் பெரும் கவலையாக இருந்தது. 1991-ல் இங்கிலாந்திலும் 1994-ல் அமெரிக்காவிலும், "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பெரிய பிரசாரம் நடந்தது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் அத்தகைய சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை, செலவும் இல்லை. படுக்க வைக்கும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

தலையணை வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் பஞ்சுப் பொம்மையும் கனத்த போர்வையும் வேண்டாம். கோடைக் காலத்தில் மெல்லிய பருத்திச் சட்டை போதும். குழந்தையின் பிடரியில் கை வைத்துப் பார்த்தால், வியர்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். கொசுவலையை இரவுக்கு மட்டும் கட்டுகிறோம். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும் கொசு. குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும்.

விலைக்கு வாங்கும் தூக்கம்

தூக்கம் தானாக வர வேண்டும். அதை விலைக்கு வாங்கக் கூடாது. அப்படி வாங்கியவர்களின் கதை சோகக் கதை.

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் "காட்பிரே கார்டியல்" என்று ஒரு மருந்து விற்றது. சர்க்கரைப் பாகில் அபின் கலந்த மருந்து. ஆலைக்குப் போகும் தாய்மார்கள், குழந்தை அழாமல் கிடக்க இதை ஊட்டினார்கள். குழந்தைகள் தூங்கின. பசிக்கும்போதும் தூங்கின. மெலிந்து போயின. பல குழந்தைகள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், குழந்தைக்கு "பால கோலி" என்னும் அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அந்தத் தாய்மார்களுக்குப் பாசம் இல்லையா? இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தூங்க வைக்க இடம் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை. அபின் உருண்டைக்குப் பின்னால் இருந்தது வறுமை.

இன்று அபின் உருண்டை இல்லை. ஆனால் சளி மருந்து இருக்கிறது. "இந்த மருந்து கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது" என்று, சளி போன பிறகும் கொடுப்பவர்கள் உண்டு. இது பெரிய தவறு. சில சளி மருந்துகள் குழந்தையின் மூச்சையே மந்தப்படுத்தும். அப்படிப்பட்ட ஒரு கலவை மருந்தை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டு மருந்தும் கொடுக்கக் கூடாது. தூங்க வைப்பதற்காக எந்த மருந்தும் கூடாது. கசகசாத் தண்ணீரும் கூடாது.

கூலிக்காரியின் குழந்தை எங்கே தூங்கும்?

வீட்டில் இருக்கும் தாய்க்கு இந்த யோசனைகள் போதும். களை எடுக்கப் போகும் தாய்க்கு? கட்டடத்தில் சித்தாள் வேலை செய்யும் தாய்க்கு? அவள் குழந்தை மர நிழலில் தூங்குகிறது. மணல் குவியல் பக்கத்தில் தூங்குகிறது. லாரி பின்னால் வரும்போது, அங்கே ஒரு குழந்தை படுத்திருப்பது டிரைவருக்குத் தெரியுமா?

சில வீடுகளில் தொட்டிலை ஆட்டுவது யார்? எட்டு வயது அக்காள்! தம்பி தூங்குவதற்காக அவள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிறாள். ஒரு குழந்தையின் தூக்கத்துக்கு இன்னொரு குழந்தையின் படிப்பு விலையாகப் போகிறது.

சட்டம் போட்டவர்கள் இதை மறந்துவிடவில்லை. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 1976-ல் திருத்தப்பட்ட பிறகு, சொன்னது. தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-ல் தனிச் சட்டம் வந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டமும் திருத்தப்பட்டது. 2005-ல் வந்த ஊரக வேலைச் சட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது. இலங்கை மலையகத்தில் தமிழர்கள் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய இடத்துக்குப் "பிள்ளைக் காம்பரா" என்று பெயர். கொழுந்து பறிக்கும் தாய், குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவாள்.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் குழந்தை தூங்கிவிடாது. சுத்தமான ஓர் அறை வேண்டும். பாய் வேண்டும். காற்று வேண்டும். தூங்காமல் காவல் இருக்கும் ஓர் ஆயா வேண்டும். காப்பகம் என்று பலகை மாட்டிய அறையில் சாக்கு மூட்டை அடுக்கியிருந்தால், அது யாரை ஏமாற்றுவது?

பாயும் விரிக்க வேண்டும்

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1982-ல் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். முதலில் சோறு பெற்றவர்களில் அங்கன்வாடிக் குழந்தைகளும் உண்டு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த நாடு அன்றே ஒப்புக்கொண்டது.

தூங்காத பிள்ளைக்கும் பாடம் ஏறாது. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சோறு போட்ட நாடு பாயும் விரிக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகள் தூங்க, ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஆளுக்கு ஒரு பாயும், ஓடுகின்ற மின்விசிறியும், கொசு வராத ஜன்னலும் வேண்டும்.

பணம் கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடங்களும் இதை யோசிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையைப் பிற்பகல் மூன்று மணி வரை பெஞ்சில் உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். கண் சொருகினால் தட்டி எழுப்புகிறார்கள். பெற்றோரும், "எங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தூங்குகிறதா? அதற்கா பணம் கட்டுகிறோம்?" என்று சண்டைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் தூங்க விட்டால், பெற்றோர் சண்டை போடக் கூடாது. நன்றி சொல்ல வேண்டும்.

தாயும் தூங்கட்டும்

வீட்டில் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு இரவுத் தூக்கம் இல்லை. குழந்தை பகலில் தூங்கும் நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு. அந்த நேரத்தில்தான் பாத்திரமும் துணியும் அவளுக்காகக் காத்திருக்கின்றன! அவற்றை வேறொருவர் செய்யட்டும். கணவன் செய்தால் குறைந்து போய்விட மாட்டான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்கத் தகப்பன் கையும் போதும்.

விருந்தாளி வந்தால் வாசலிலேயே சொல்லலாம்: "பிள்ளை தூங்குகிறது. கொஞ்சம் உட்காருங்கள். எழுந்ததும் பார்க்கலாம்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தெருவில் ஒலிபெருக்கி வைப்பவர்களும், எந்த வீட்டிலோ ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைக்கலாம்.

குழந்தைக்கு நகை போடுகிறோம். பட்டுச் சட்டை வாங்குகிறோம். காது குத்தி விருந்து வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பகலில் ஒரு மணி நேர அமைதிக்குப் பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

உஸ்! சத்தம் போடாதீர்கள். குழந்தை தூங்கட்டும்!